ஆலந்தலைக் கல்யாணத்துக்குப் போகும் வழி

வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு என் முதல் புத்திமதி: பிரஷர் குக்கரைப் பரிசாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எழுபத்து நான்காம் வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அப்படியொரு அட்டைப்பெட்டியோடு திருச்சி ஜங்ஷனில் ரயிலேறினேன். கூடவே ஒரு துணிப்பை, வழிக்கு ஒரு சீப்பு பூவன் பழம், கூஜாவில் தண்ணீர். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று அவர்தான் சொன்னார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

கல்யாணம் என் சிநேகிதி ரோஸ்லினுக்கு. ஆசிரியப் பயிற்சி விடுதியில் இருவரும் ஒரே அறை. அவள் ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஆலந்தலை. வழியை விலாவாரியாக எழுதியிருந்தாள். தூத்துக்குடி ஸ்டேஷனிலேயே குளித்துவிடு, எங்கள் கிணற்றில் சோப்பு நுரைக்காது. பஸ்ஸில் இடது பக்கம் உட்காராதே, வெயில் மூஞ்சியில் அடிக்கும். தங்க எதிர்வீட்டு மாடி. திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பூசை. கடைசியில், "அப்பா தோணியில் கொழும்புக்குப் போயிருக்கிறார். என் முக்காட்டுக்கு நெட்டுத் துணி வாங்கி வருவார். வந்துவிடுவார், நிச்சயம் வந்துவிடுவார்" என்று முடித்திருந்தாள்.

அப்பா வரட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை. புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. ஈஸ்டருக்கு முன்னால் அவர் பம்பாயில் கப்பலேறிவிடுவார், திரும்பி வர ஒன்றரை வருஷமாகும்.

காலையில் தூத்துக்குடியில் இறங்கினேன். ஸ்டேஷன் குளியலறை நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. வெளியே வந்து ஒரு காபி குடித்துவிட்டு ஏழு மணி திருச்செந்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். கண்டக்டர் என் பெட்டியை உதைக்காத குறையாகப் பார்த்தார்.

"பொட்டில என்னம்மா?"

"குக்கர்."

"அப்பம் குக்கருக்கும் ஒரு டிக்கெட்டு எடுங்க."

எனக்கு ஒன்றேகால் ரூபாய், குக்கருக்கு அறுபது பைசா. சண்டை போடலாமென்று வாயைத் திறப்பதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பெட்டியைத் தன் காலடியில் வாங்கி வைத்துக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு குடை. பெயர் சூசை என்றார்.

ஊரைத் தாண்டியதும் உப்பளம். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு குவித்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் பார்த்தால் கண் கூசும். முக்காணிக்கு அப்பால் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் ஒரேயடியாகப் பச்சை. வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் ஆத்தூர் வரைக்கும் கூடவே வருகின்றன. கண்ணுக்கு அப்பாடா என்றிருந்தது.

"டீச்சர் எங்க போறிய?" என்று கேட்டார் சூசை. நான் டீச்சர் என்பது என் முகத்திலேயே எழுதியிருக்கும் போல.

"ஆலந்தலைக்கு, ரோஸ்லின் கல்யாணத்துக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நானும் அங்கனதான் போறேன். அந்த வீட்டுக்குத்தான்."

ஆஹா, துணை கிடைத்தது என்று சந்தோஷமாக ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டினேன். வேண்டாமென்றார். ஆத்தூரில் பஸ் நின்றபோது டீ வாங்கிக் கொடுத்தேன், அதுவும் வேண்டாம். "தண்ணியாவது குடிங்க அண்ணாச்சி, உதடெல்லாம் வெடிச்சிருக்கே" என்று கூஜாவைத் திறந்தேன். கும்பிடுகிற மாதிரி கையை வைத்து, "மன்னிக்கணும்மா" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாணச் சாப்பாட்டுக்கு இப்போதே வயிற்றில் இடம் விடுகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காயல்பட்டினம் தாண்டியபோது மனம் கேட்காமல் பேச்சுக் கொடுத்தேன். தூத்துக்குடியில் ஒரு தோணி முதலாளியிடம் வேலை என்றார்.

"அப்போ உங்களுக்குத் தெரியுமே! ரோஸ்லின் அப்பா போன தோணி வந்துடுச்சா?"

"பூசை எத்தன மணிக்கும்மா?"

"பதினொண்ணு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திருச்செந்தூரில் இருவருமாக ஒரு குதிரை வண்டி பேசினோம். மூன்று மைல். "மெதுவாப் போப்பா, அவசரமில்ல" என்று வண்டிக்காரரிடம் நாலு தடவை சொன்னார். முகூர்த்தத்துக்குப் போகிற வண்டியில் இப்படியும் ஒரு மனுஷனா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு மெதுவாகப் போயும் பூசைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஓலைப் பந்தல், வாழைமரம், ரேடியோ செட்டு. வாசலில் ரோஸ்லினின் அம்மா சவேரியம்மா, கத்தரிப்பூ நிறப் பட்டும் தலை நிறைய மல்லிகையுமாக, வந்தவர்களுக்குக் கலர் சோடா கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு டம்ளர் தந்துவிட்டு அடுத்ததை சூசையிடம் நீட்டினார். சூசை பந்தலுக்கு வெளியிலேயே நின்றார். வாங்கவில்லை.

பந்தலில் பேச்சு நின்றது. எதிர்வீட்டுக்காரி என் கையைப் பிடித்து இழுத்தாள். "துட்டி சொல்ல வந்தவுக, சாவுச் செய்திய சொல்லி முடிக்குத வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படவிட மாட்டாவ, டீச்சர். எங்க ஊரு வழக்கம்."

ஆத்தூர் டீயும் கூஜாத் தண்ணீரும் நினைவுக்கு வந்தன.

சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே அது துட்டி வீடு. பூவை எடுக்க வேண்டும், பந்தலைப் பிரிக்க வேண்டும், கல்யாணம் நின்றுபோகும். சவேரியம்மா நீட்டிய டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல. எம்மவ கழுத்துல தாலி ஏறட்டும். அதுவரைக்கும் கோயில்ல வந்து இரிங்க."

சூசை தலையை ஆட்டினார்.

உள்ளே ரோஸ்லின் இரவல் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். "அப்பா வந்தாச்சாடி?" என்று கேட்டாள். "முதல்ல கிளம்பு, நேரமாச்சு" என்று அவள் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவள் சித்தப்பாதான் அப்பாவுக்குப் பதிலாகக் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்.

கோயிலில் சூசை கடைசி வரிசையில் மடியில் குடையோடு இருந்தார். பூசை முழுக்க சவேரியம்மா ஒரே ஒரு தடவைதான் திரும்பி அவரைப் பார்த்தார். ஊரே தொண்டை கிழியப் பாடியது. தாலி கட்டும்போது பெண்களெல்லாம் அழுதார்கள். கல்யாணத்தில் பெண்கள் அழுவது வழக்கம்தானே, ரோஸ்லின் ஒன்றும் சந்தேகப்படவில்லை.

வீட்டுக்கு வந்து மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுத்த கையோடு சவேரியம்மா பந்தலுக்கு வந்தார். ரேடியோ செட்டை நிறுத்தச் சொன்னார். "இப்பம் சொல்லுங்க அண்ணாச்சி."

"தோணி மன்னாருக்கு அங்கிட்டு உடைஞ்சு போச்சு, தாயி. ரெண்டு பேரு நீந்திக் கரையேறிட்டாவ. உங்க வீட்டு அண்ணாச்சி ஏறல. அங்கனயே அடக்கம் பண்ணிட்டாவளாம். விடியத்தான் தகவல் வந்துச்சு."

சவேரியம்மா உள்ளே போனார். ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார். "காலையிலேருந்து தொண்ட காஞ்சு கிடக்கிய. குடிங்க."

சூசை வாங்கிக் குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையிலேயே வழிந்தது. அவர் குடித்து முடிக்கும்வரை சவேரியம்மா காத்திருந்து, செம்பைத் திரும்ப வாங்கிக் கீழே வைத்தார். பிறகுதான் தலைப்பூவில் கையை வைத்தார். அப்போது அவர் போட்ட சத்தத்தில் ரோஸ்லின் முக்காட்டை மிதித்துக்கொண்டு ஓடிவந்தாள். ஐயோ, அதை நான் எழுத மாட்டேன்.

அன்றிரவு எதிர்வீட்டு மாடியில் தங்கினேன். கடல் காற்று ஜன்னலுக்கே வருகிறது, பாய் தலையணை சுத்தம், கொசு இல்லை. தங்க வசதியான இடம்தான். எனக்குத்தான் கண்ணை மூட முடியவில்லை.

மறுநாள் காலை ரோஸ்லின் வண்டி வரைக்கும் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. என் துணிப்பையை இரண்டு தடவை சரியாக வைத்தாள்.

"நேத்து அம்மா எவ்வளவு பூ வச்சிருந்தா, பாத்தியாடி?"

"பாத்தேன்."

"கடைசியா வச்சிக்கிடணும்னுதான் அவ்வளவு வாங்கிருக்கா. தோணி நாள் கடந்தப்பவே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு." வண்டி கிளம்பிவிட்டது.

திருச்சியில் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் பயணம் எப்படி என்று கேட்டார்கள். பஸ் நேரமும் வண்டிக் கூலியும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் சாவு என்றால் தந்தி வரும், படித்துவிட்டு அழுவோம். யார் வாசலுக்கு வந்தாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கிற பழக்கம் எங்களுக்கும் உண்டு, இப்போதும் கொடுக்கிறேன். ஆனால் வந்தவர் அதை வாங்கி, ஒரு வாய் குடிக்கிற வரைக்கும் எனக்கு மூச்சு வருவதில்லை.