வேதவல்லி மாமி வீட்டு ஆமைகள்

ரயில் பாதையோரச் சரிவில் குனிந்து கீரை பறித்துக்கொண்டிருக்கிறார் வேதவல்லி மாமி. புடவைக்கு மேல் கணவரின் பழைய ஓவர்கோட். காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மஞ்சள் பூப் பூக்கும் அந்தக் களைச்செடியை மியூனிக்கில் யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மாமி ஒவ்வோர் இலையையும் புரட்டிப் பார்த்து, பூச்சி அரித்ததை ஒதுக்கிவிட்டு, நல்லதைக் கோட்டுப் பையில் திணிக்கிறார். உதவலாமே என்று சாலைப் பக்கம் நான் கை நீட்டினால் அதட்டல் விழுகிறது. "அங்கே பறிக்காதேடா, கார் புகை பட்டது! அதை நீ தின்பியா?"

நான் ஞாயிற்றுக்கிழமைச் சாம்பாருக்காக வாரம் முழுதும் உருளைக்கிழங்கைச் சகித்துக்கொள்ளும் மாணவர் கூட்டத்தில் ஒருவன். மாமி வீட்டில் எங்களுக்கு முதல் பந்தி கிடையாது. அது ஆமைகளுக்கு.

தரைத்தள வீடு, பின்னால் தோட்டம். அதை இடுப்பு உயரப் பலகைகள் மூன்றாகப் பிரிக்கின்றன. ஒன்றில் பெரியவர், ஒன்றில் சின்னவர், எல்லாவற்றிலும் பெரியதில் மாட்டுப்பொண்ணு. மருமகளை மாமி குடும்பத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஆளுக்கொரு தட்டில் கீரையை வைத்ததும் மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். "பாத்துண்டு நின்னா அவ சாப்பிட மாட்டா. நீயும் வா இப்படி."

பெரியவர் வந்தது இந்த ஊரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்த வருஷத்துக்கு முந்தின வருஷம். மாமியின் கணவர் சேஷாத்ரி ரசாயன ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பவர். ஊர் மாறிப் போன சக ஊழியர் ஒருவர் அவர் தலையில் ஆமையைக் கட்டிவிட்டார். மாமி மறுக்கவில்லை. "கூர்மாவதாரம்! வாசல்ல வந்து நிக்கறச்சே வேண்டாம்னு சொல்லலாமோ?" தனியாக இருக்கிறதே, பாவம் என்று கடைக்குப் போய் சின்னவரையும் மாட்டுப்பொண்ணையும் வாங்கிவந்தார். மயிலாப்பூரில் பெரிய கூட்டுக்குடும்பம் ஒன்றின் மூத்த மருமகளாக இருந்தவர் மாமி. ஒன்றாக இருந்தால்தான் குடும்பம் என்பது அவர் கட்சி. சமையலறை மூலையில் ஒரு மரப்பெட்டி, அதில் ஒரே தட்டு, மூன்று ஆமை. குடித்தனம் ஆரம்பமாகிவிட்டது.

சீக்கிரமே பெட்டிக்குள்ளிருந்து டொக், டொக் என்று சத்தம் வரத் தொடங்கியது. ஆண்கள் இருவரும் ஓட்டோடு ஓடு மோதிக்கொண்டார்கள். அலுத்துப்போனால் சேர்ந்து அவளை மோதினார்கள். "விளையாடறதுகள்" என்று மாமி பூரித்துப்போனார். பிறகு மாட்டுப்பொண்ணின் பின்னங்காலில் ரத்தம் தெரிந்தது. அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மூலையிலேயே கிடந்தாள். வெள்ளரிக்காயைப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்தும் தொடவில்லை. குளிக்காமல் சாப்பிடாத ஆசாரக்காரி போலிருக்கிறது என்று வெந்நீரில் குளிப்பாட்டிக்கூடப் பார்த்தார் மாமி. கால்நடை டாக்டர் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். குளிர்காலம் முழுதும் தூங்குகிற பிராணி. இந்த இளைத்த உடம்போடு தூங்கப் போனால் வசந்தத்தில் எழுந்திருக்காது என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை மாமியே சொல்லக் கேட்க வேண்டும்.

"மாமா ஆபீஸ் போனப்புறம் நான் சாப்பிட உக்காந்தேன். அவா ரெண்டு பேரும் தூங்கிண்டிருந்தா. இவ மெள்ள வெளில வந்து ஒரு இலையைக் கடிச்சா. பெரியவர் லேசா அசைஞ்சார், அவ்வளவுதான். இலையை அப்படியே விட்டுட்டு உள்ளே போயிட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அது நான்தான்டா! மயிலாப்பூர்ல எல்லாருக்கும் போட்டுட்டு ஆறின சாதத்தோட உக்காருவேன். ஒரு கவளம் உள்ளே போறதுக்குள்ள, வேதா, மோர் எங்கேம்பா ஒருத்தர். வேதா, தண்ணிம்பா இன்னொருத்தர். அப்புறம் பசியே மரத்துப் போயிடும். அந்த அவஸ்தையையே இதுக்கும் பண்ணி வச்சிருக்கேனே, பாவி!"

இதைச் சொல்லும்போது மாமி சிரித்தார்.

அன்று மாலையே போர் மூண்டது. பின்தோட்டத்துப் புல்வெளி சேஷாத்ரி மாமாவின் உயிர். பக்கத்து வீட்டு ஹூபர் அம்மாளின் புல்லைவிடத் தம் புல் ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்று கத்தரிக்கோலும் கையுமாக அலைபவர்.

"ஏன்னா, உங்க புல்லு எனக்கு வேணும்."

"மூணு ஆமைக்கு இத்தனை ஸ்பேஸ் எதுக்குடி?"

"உங்க ஒருத்தருக்கு ஒரு லேப் எதுக்காம்?"

சனிக்கிழமை பலகை வந்து இறங்கியது. முழங்கால் உயரம் போதுமே என்றார் மாமா. "போறாது. எட்டிப் பாக்கற ஆசையே வரப்படாது." வேலிக்கு மேல் தலையை நீட்டிய ஹூபர் அம்மாள், ஜெயில் கட்டுகிறீர்களா என்று ஜெர்மனில் விசாரித்தார். மாமி சுத்தியலை உயர்த்திக்கொண்டு, தமக்குத் தெரிந்த ஜெர்மனை எல்லாம் திரட்டி முழங்கினார். "நைன்! ட்சிம்மர்! ட்சிம்மர்!" ஜெயில் இல்லை, அறை.

தனி இடம் கிடைத்தும் மாட்டுப்பொண்ணு கொஞ்ச நாள் பலகையோரமாகவே பதுங்கிக் கிடந்தாள். ஒரு மத்தியானம் தட்டில் வைத்த ஸ்ட்ராபெரியைக் காணோம். அவள் மூக்கெல்லாம் சிவப்பு. மாமி ஆராய்ச்சிக்கூடத்துக்கே டெலிபோன் போட்டுவிட்டார். "ஏன்னா, சாப்பிட்டுட்டா!" கூட்டத்தில் இருந்த மாமா ஜெர்மன்காரர்கள் நடுவில் "பலே!" என்று கத்தினாராம். கோடை முழுதும் மேய்ந்தாள். இலையுதிர் காலத்தில் டாக்டர் தூக்கிப் பார்த்து, இனி தூங்கலாம் என்று தலையாட்டினார். அப்படியும் அந்தக் குளிர்காலம் முழுக்க மாமிக்கு நிம்மதி இல்லை. நிலவறையில் சருகு நிரப்பிய பெட்டிமேல் காதை வைத்துக் கேட்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். மார்ச் மாதத்தில் ஒருநாள் உள்ளே நகம் பிறாண்டியது. கட்டிடம் முழுவதற்கும் சர்க்கரைப் பொங்கல்! ஹூபர் அம்மாள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். இப்போது அவர் வீட்டு லெட்யூஸ் கீரை வேலி தாண்டி வருகிறது.

இன்று கீரைத் தட்டுகளை வைத்துவிட்டு மாமி உள்ளே வந்தார். சாம்பார் மணத்தில் எங்கள் வயிறு கூப்பாடு போட்டது. மாமி ஒரு தட்டை எடுத்தார். ஆவி பறக்கும் சாதத்தைக் குவித்து, நெய்யைத் தாராளமாக விட்டு, சாம்பாரை ஊற்றி, அப்பளத்தை மேலே சொருகினார். அந்தத் தட்டோடும் ஒரு கிண்ணம் ரசத்தோடும் தோட்டத்துக்கு நடந்தார். மாட்டுப்பொண்ணின் பகுதியில் ஒரு குட்டை ஸ்டூல் கிடக்கிறது. அவளுக்கு முதுகைக் காட்டி அதில் உட்கார்ந்ததும் மாமி பலகைக்குப் பின்னால் மறைந்துபோனார்.

சேஷாத்ரி மாமா கரண்டியை எடுத்து எங்களுக்குப் பரிமாறினார். "மாமி, ஊறுகாய்..." என்று ஆரம்பித்தேன். மாமா உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கிவிட்டு, தாமே அலமாரியைத் திறந்து தேடினார்.

நாங்கள் பாதிச் சாப்பாட்டில் இருந்தபோது பலகைக்கு மேல் வளையல் போட்ட கை ஒன்று எழும்பியது. காலிக் கிண்ணத்தை ஆட்டிக் காட்டியது. மாமா ரசப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.