வெயில் தின்ற மஞ்சள்

வைகுண்டராஜைப் போல ஒரு புத்திசாலியை வீரபாண்டி கண்டதில்லை. சொன்னவர் வேறு யாருமில்லை, வைகுண்டராஜேதான். அந்தப் பட்டத்தை அவர் பறிகொடுத்த கதை இது. பின்னாளில் கேட்டவர்களுக்கெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு அவரே சொன்னது.

1934 பங்குனி. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கட்டும் வேட்டிக்கு மஞ்சள் தோய்த்து விற்பது அவர் தொழில். ஊரில் எல்லோரும் நிழலில் காயப்போட, அது சோம்பேறி வேலை என்று இவர் முல்லையாற்று மணலில், உச்சி வெயிலில் விரித்தார். சாயம் சூட்டில் இறுகிப் பிடிக்குமாம்!

மாலையில் வேட்டி வெளிறிக் கிடந்தது. மறுபடி தோய்த்தார், மறுபடி அதே வெயில், அதே வெளிறல். மஞ்சள் கொடுத்தது தங்கை ஜக்கம்மாவின் கணவர் செல்லப்பாண்டி. தேனிச் சந்தையில் நாலு பேர் நடுவே, மைத்துனனுக்கே மாவு கலந்து விற்ற மகராசன் என்று அவரை நாறடித்துவிட்டு வந்தார். 

அன்றோடு போக்குவரத்து நின்றது. ஜக்கம்மாவின் மகனுக்குக் காதுகுத்து வருகிறது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். இருப்பது ஒரே மாமன். அழைப்பு வரவில்லை. போனால் போகட்டும் என்று வீம்பு பேசினார், சோறுதான் இறங்கவில்லை.

போடியில் வாங்கிய மஞ்சளும் வெளிறியது. அங்கேயும் செல்லப்பாண்டியின் கை நீண்டிருக்கும் என்றே நினைத்தார். சித்திரையில் ஒரு நாள், வேட்டி பறக்காமலிருக்க மூலைக்கு மூலை வைத்த கல்லைத் தூக்கினார். அடியில் பளிச்சென்று மஞ்சள். தினமும் பார்த்ததுதான்! கல்லின் கறை என்று தேய்த்துத் தேய்த்து அலசியிருந்தார் அந்த மகா புத்திசாலி. மடங்கிக் கிடந்த ஓரத்தைப் பிரித்தால் அங்கேயும் மஞ்சள். வெளிச்சம் படாத இடத்தில் சாயம் அப்படியே நின்றது. பட்ட இடத்தில் வெயில் அதைச் சிதைத்துத் தின்றிருந்தது. மாவு மஞ்சளில் இல்லை, தன் மண்டைக்குள்தான் என்று உறைத்தது.

அந்த வேட்டியோடு பழனிசெட்டிபட்டியிலிருந்த தங்கை வீட்டுக்கு நடந்தார். செல்லப்பாண்டி வெளியே போயிருந்தார். தப்பு தன்மேல்தான், மாப்பிள்ளை காலில்கூட விழுகிறேன் என்று தங்கையிடம் சொன்னார். காதுகுத்து முடிந்துவிட்டதா என்று கேட்க மட்டும் நாக்கு எழவில்லை. ஜக்கம்மா நாலு மஞ்சள் வட்டத்தையும் பார்த்தாள்.

"மூணு நாளு குறிச்சாச்சு, மூணையும் அவுகதேன் தள்ளிவச்சாக. மாமன் மடியில்லாம எம்புள்ளைக்குக் காது குத்தப்படாதுன்னுட்டாக அண்ணே."

வைகுண்டராஜ் வேட்டியால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.