ஏழு பேருக்குக் குறைந்தால்

எங்கள் பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்ட அணி தொடங்கப்போகிறார்கள் என்று ஒருநாள் காலைப் பிரார்த்தனையில் அறிவித்தார்கள். அன்று பின்னேரம் மைதானத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து அதிபரே அலுவலகத்தை விட்டு வெளியே வந்து நின்றார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து உயர்தர வகுப்பு வரைக்கும் இருந்த பெண் பிள்ளைகளில் வராதவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஒட்டுசுட்டானிலிருந்து காட்டுப் பக்கமாகப் பிரிந்துபோகும் கிரவல் வீதியில் இருந்தது அந்தப் பாடசாலை. போர் முடிந்த பிறகு யாரோ தந்த இரும்புக் கோல் கம்பங்கள் மைதானத்தின் இரண்டு முனையிலும் நின்றன. அதுவரை பெடியன்கள்தான் அங்கே விளையாடுவார்கள். எங்களுக்கு ஒரு மூலையில் வலைப்பந்துக் கம்பம்.

வந்தவர்களில் பாதிப் பேர், பயிற்சிக்குப் பிறகு தின்னப் பணிசும் குடிக்கப் பிளேன்ரீயும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். வீட்டுக்குப் போனால் விறகு பொறுக்க வேண்டும் என்பதற்காக வந்தவர்களும் இருந்தார்கள். நான், என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள் போகிறாளே என்று போனேன். அப்போது எங்களுக்குப் பத்தாம் வகுப்பு. அவளை விட்டால் எனக்கு வேறு கூட்டாளி இல்லை.

விளையாட்டு ரீச்சர் புது நியமனம். ஓமந்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவா. அவாவும் வலைப்பந்து விளையாடியவாதான். உதைபந்தாட்டத்தின் விதிகளைப் போனில் பார்த்துப் படித்துக்கொண்டு வந்திருந்தா. எங்கள் எல்லாரையும் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னா. கடைசியாக வருகிறவர்களைக் கழித்துவிடுவா என்று நினைத்து மூச்சு வாங்க ஓடினோம். ஓடி முடிந்தபின் ஒருத்தி கேட்டாள்.

"ரீச்சர், ஆரைத் தெரிஞ்செடுத்தனீங்கள்?"

"எல்லாரும் நாளைக்கும் வாங்கோ. ஆர் ஆர் நிக்கிறியளெண்டு பிறகு பாப்பம்."

அதை நாங்கள் அவாவின் நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டோம்.

முதல் கிழமை முடிவதற்குள் பணிசுக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். பிறகு காற்சட்டை வந்தது. முழங்காலுக்குக் கீழே வரைக்கும் தொங்கும் நீலக் காற்சட்டைதான். அதைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு நடந்த அன்று, மதிலுக்கு வெளியே மோட்டச் சைக்கிளில் நின்றவர்கள் கூக்காட்டினார்கள். மறுநாள் ஒரு கூட்டம் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தவர்களை ரியூசனுக்குப் போகச் சொல்லி வகுப்பாசிரியர்களே மறித்தார்கள். மாதச் சுகயீனம் என்று நின்ற சிலர் அப்படியே நின்றுவிட்டார்கள். கச்சான் கடலை விளையும் காலத்தில் யானைகள் குளத்துப் பக்க வீதிக்கு இறங்கத் தொடங்கின. பாடசாலை விட்டதும் வரும் பஸ்சைத் தவறவிட்டால் பொழுதுபட்ட பிறகுதான் அடுத்தது. உள்ளே தள்ளி இருந்த பிள்ளைகளின் வீட்டில் அதற்குப் பிறகு விடவில்லை. ஒருவரும் ரீச்சரிடம் வந்து "நான் விலகிறன்" என்று சொன்னதில்லை. ஒருநாள் வரமாட்டார்கள். அவ்வளவுதான்.

என் கூட்டாளி மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. சின்ன உருவம். சப்பாத்துக் கொடுத்தாலும் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓடுவாள். எவ்வளவு வேகமாக வரும் பந்தையும், ஓடித் திரியும் கோழிக்குஞ்சை அமத்திப் பிடிப்பதுபோல உள்ளங்காலால் அமத்தி நிறுத்துவாள். பெடியன்கள் தங்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவளுடைய குடும்பம் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியது. சொந்தக் காணி இல்லை. மற்றவர்களின் தோட்டங்களில்தான் தாயும் தகப்பனும் வேலை செய்தார்கள். வீட்டில் பேசும் தமிழை அவள் பாடசாலையில் பேசமாட்டாள். எங்களைப் போலவே "ஓம்", "வாறன்" என்பாள். அவசரத்தில் ஒரு சொல் மாறி வந்துவிட்டால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

கோலுக்கு நின்றவள் ஒரு நெடியவள். குளத்து நீர்ப்பாசனத் திட்டத்தில் வயற்காணி உள்ள குடும்பம். அவளும் வராமல் விட்டபோது ரீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனா. தாய் எங்களைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தா.

"உங்கட மகளை மாதிரி உயரம் வேற பிள்ளையள் இல்லையம்மா. ஒருக்கா விடுங்கோ."

"விளையாட்டு நல்லதுதான் ரீச்சர். எனக்கும் தெரியும். ஆனா அங்கை ஆரார் வருகினமெண்டு கேள்விப்பட்டனான். அந்தச் சனத்தோட ஒண்டாப் போத்தல்ல தண்ணி குடிச்சு, ஒண்டா உடுப்பு மாத்தி... நாளைக்கு ஊருக்குள்ள என்ன கதை வரும்?"

ரீச்சரின் முகம் சிவந்துபோனது. "அப்பிடிக் கதையாதேங்கோ அம்மா. அவள்தான் எங்கட கெட்டிக்காரி."

"நீங்கள் மட்ச் முடிய ஓமந்தைக்குப் பஸ் ஏறிப் போயிடுவியள் ரீச்சர். நாங்கள் இஞ்சை இருக்கிறவை."

நெடியவள் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். வீதிக்கு வந்த பிறகு ரீச்சர், "அவளிட்ட இதைச் சொல்லிப்போடாத" என்று மட்டும் சொன்னா. நான் சொல்லவில்லை. ஆனால் என் கூட்டாளிக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மறுநாள் தன் தண்ணிப் போத்தலைத் தனியாகத் தூரக் கொண்டுபோய் வைத்தாள்.

நெடியவளின் இடத்தில் என்னைக் கோலுக்கு விட்டார்கள். எனக்கு உயரமும் இல்லை, பாயவும் தெரியாது. ஆனால் நான் ஒவ்வொரு நாளும் வருவேன். எனக்குத் தாயும் தகப்பனும் போரின் கடைசி மாதங்களில் இல்லாமல் போனார்கள். வளர்த்த சித்தி கூலி வேலை முடிந்து பொழுதுபடத்தான் வருவா. நான் எங்கே போனேன், என்ன உடுத்தியிருந்தேன் என்று கேட்பதற்கு அவாவுக்குச் சீவன் இருக்காது. "சாப்பிட்டியோ?" என்பா, பாயில் சரிவா. கடைசிவரை அணியில் நின்றவர்களை இப்போது யோசித்துப் பார்த்தால், அநேகம் பேர் என்னைப் போலத்தான். வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லாதவர்கள்.

வலயமட்டப் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது, காலையில் பாடசாலை வாசலிலேயே செய்தி வந்துவிட்டது. என் கூட்டாளியின் தகப்பனை யானை அடித்துவிட்டது. வேறொருவரின் கச்சான் தோட்டத்துக்கு இரவுக் காவலுக்குப் போயிருந்தவர். காவல் கொட்டில் பிய்ந்து கிடந்ததாம். யானையை விரட்டக் கொடுத்த வெடி கொளுத்தாமல் கிடந்ததாம். மழை ஈரத்தில் பற்றவில்லை என்று ஒருவர் சொன்னார். தகப்பன் நித்திரையாகிவிட்டார் என்றார் இன்னொருவர்.

ரீச்சரோடு நாங்கள் எல்லோரும் செத்தவீட்டுக்குப் போனோம். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. பெட்டியை மூடித்தான் வைத்திருந்தார்கள். தாய் ரீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

"இவ இனிமே பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டா டீச்சர். என் ஒருத்தி கூலியில நாலு வயிறு எப்படி நிறையும்? சின்னவனுங்க ரெண்டு பேரையாவது படிக்க வெக்கணும்."

என் கூட்டாளி தம்பிமாரை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு சுவரோடு இருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அவள் நிலத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"முன்னுக்கு ஆர் நிக்கிறது?"

"இன்னும் தெரியாது."

"அந்த எட்டாவது குறுக்குத்தெருவில இருந்து வாற பிள்ளையை விடச் சொல்லு. அவள் ஓடுவாள். ஆனா பந்தைக் குடுக்கமாட்டாள்."

அதற்குப் பிறகு அவள் உதைபந்தாட்டம் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசவில்லை.

முல்லைத்தீவு மைதானத்துக்கு நாங்கள் ஒன்பது பேர் போனோம். பதினொரு பேர் சேரவில்லை என்றால் ஒன்பது பேரோடும் விளையாடலாம், ஏழு பேருக்குக் குறைந்தால்தான் ஆட்டத்தை நிறுத்துவார்கள் என்று ரீச்சர் பஸ்சில் சொன்னா. "ஏழுக்கெல்லாம் போகாது" என்று நாங்கள் சிரித்தோம். எதிரணி பெரிய பாடசாலை. அவர்களுக்கு மாற்று ஆட்களே ஒரு வாங்கு நிறைய இருந்தார்கள்.

உச்சி வெயில். விசில் ஊதிய கையோடு முதல் கோல் விழுந்தது. பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து வருவதுதான் என் வேலையாக இருந்தது. ஆனாலும் எங்கள் பிள்ளைகள் ஓடினார்கள். எட்டாவது குறுக்குத்தெருப் பிள்ளை ஒரு தடவை பந்தை அவர்களின் கோல்வரை கொண்டுபோய் அடித்தாள். அது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்த இரும்புச் சத்தத்துக்கு நாங்கள் எல்லோரும் கத்தினோம்.

இடைவேளை வருவதற்கு முதலே ஒருத்தி மயங்கி விழுந்தாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். நிழலுக்குத் தூக்கிப் போனார்கள். இடைவேளைக்குப் பிறகு இன்னொருத்தியின் கணுக்கால் பிரண்டது. ஏழு பேர் மிஞ்சினோம். "அவசரப்படாதேங்கோ, நிண்டு விளையாடுங்கோ" என்று ரீச்சர் கோட்டுக்கு வெளியே ஓடி ஓடிக் கத்தினா.

அப்போது வேலிக்கு வெளியே ஒரு மோட்டச் சைக்கிள் வந்து நின்றது. அதில் வந்தவர் எங்களில் ஒருத்தியின் மாமா. பின்னுக்கு நின்று விளையாடியவள், எனக்கு நேர் முன்னால் நின்றவள், அவருடைய மருமகள். யாரோ போன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சத்தம் போடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வா" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். ரீச்சரைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். பந்து அப்போது மற்றப் பக்கத்தில் இருந்தது. ரீச்சர் வேலிக்கு ஓடினா.

"ஐயா, இன்னும் கொஞ்ச நேரந்தான். முடிய நானே கொண்டுவந்து விடுறன்."

"ரீச்சர், உங்களோட எனக்குக் கதையில்லை. வா எண்டனான்."

அவள் நடந்து வெளியே போனாள். பையிலிருந்து பாவாடையை எடுத்துக் காற்சட்டைக்கு மேலே கட்டிக்கொண்டாள். முடிச்சுப் போட நேரம் எடுத்தது. மாமா இயந்திரத்தை நிறுத்தாமல் காத்திருந்தார். அவள் ஏறிப் போனாள்.

நடுவர் விசிலை ஊதிவிட்டு ரீச்சரிடம் வந்தார்.

"வேற பிள்ளையள் இருக்கினமோ ரீச்சர்?"

"இல்லை சேர்."

"அப்ப நான் நிப்பாட்டத்தான் வேணும். குறை நினையாதேங்கோ."

இன்னும் ஆறு பேர் நின்றோம். எவரும் மைதானத்தை விட்டு அசையவில்லை. எதிரணிப் பிள்ளைகளுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வென்றதாகத் துள்ளுவதா, கைகொடுப்பதா? ஒருத்தி மட்டும் என்னிடம் வந்து, "உங்களுக்குத் தோடம்பழச் சுளை வேணுமோ?" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். தோற்றது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தோற்று முடிக்கக்கூட விடவில்லையே என்பதுதான் ஆறவில்லை.

திரும்பி வந்து ஒட்டுசுட்டான் சந்தியில் இறங்கும்போது ரீச்சர், "திங்கள் பின்னேரம் பிறக்டிஸ் இருக்கு" என்றா. திங்கள் மூன்று பேர் வந்தோம். பிறகு இரண்டு பேர். ஒருநாள் நான் மட்டும்தான். ரீச்சரும் நானும் ஒருவருக்கொருவர் பந்தை உதைத்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் அவா, "போதும், வீட்ட போ பிள்ளை" என்றா. அடுத்து மாரி வந்தது. மைதானத்தில் தண்ணீர் தேங்கியது. அணியைக் கலைத்துவிட்டோம் என்று ஒருவரும் அறிவிக்கவில்லை.

மறு வருடம் ரீச்சர் மறுபடியும் கூப்பிட்டா. மறுபடியும் மைதானம் நிறைந்தது. வகுப்பு யன்னலால் பார்த்தேன். முதல் வருடத்தைப் போலவே தள்ளிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றார்கள். எனக்குப் பரீட்சை வருடம். ஆனால் அது காரணம் இல்லை. அந்தக் கூட்டம் ஒவ்வொருவராகக் குறைவதை இன்னொரு தடவை கோலுக்குள் நின்று பார்க்க எனக்கு மனமில்லை. என்னையும் ஒருவரும் தேடி வரவில்லை.

நெடியவள் படித்துக் கிளிநொச்சியில் வேலையாக இருக்கிறாள் என்று கேள்வி. மாமா கூட்டிப்போனவளுக்கு அடுத்த வருடமே கலியாணம் முடிந்தது. ரீச்சர் மாற்றம் கிடைத்து ஊருக்குப் போய்விட்டா.

என் கூட்டாளியைச் சில வருடங்கள் கழித்துத்தான் கண்டேன். தைப்பொங்கலுக்கு லீவில் வந்து திரும்பிப் போகிறவளாக, சந்தியில் பையோடு நின்றாள். வயது நிரம்பியதும் கார்மென்ட்ஸில் சேர்ந்துவிட்டாள். அங்கேயே தங்கி வேலை. இப்போது தன் வீட்டுத் தமிழைத் தயங்காமல் பேசினாள். தம்பிமார் படிக்கிறார்களாம். மூத்தவன் கெட்டிக்காரனாம்.

"அங்கை விளையாட்டு ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டேன்.

"வெப்பாங்க. வருசத்துக்கு ஒரு தடவ, பொம்பளைங்களுக்கு ஓட்டம், கயிறு இழுக்கிறது எல்லாம் இருக்கு."

"நீ ஓடினியோ?"

"ஞாயித்துக்கிழமைலதான் வெப்பாங்க. ஞாயித்துக்கிழமை நான் தூங்குவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கால்கள் செருப்புப் பட்டிக்கு மேலே வீங்கியிருந்தன. நாள் முழுக்க நின்று செய்யும் வேலை என்றாள். பஸ் வந்தது. ஏற்கெனவே நிறைந்திருந்தது. அவள் பையை முன்னுக்குப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் இடம் பிடித்து உள்ளே ஏறினாள். இருக்க இடம் கிடைத்ததா என்று தெரியவில்லை.