கேள்வி கேட்காத கல்லூரி

எந்தத் தரப்பைத் தந்தாலும் பேசுவேன் என்பது என் பெருமை. விவாத மேடைகளில் நாணயத்தைச் சுண்டித்தான் எங்களுக்குத் தரப்பைத் தந்தார்கள். பூ விழுந்தால் ஆதரிப்பேன், தலை விழுந்தால் மறுப்பேன், இரண்டிலும் வென்றிருக்கிறேன். ஆகவே, எம்.பி.ஏ. படிக்க இரண்டு வெளிநாட்டு வணிகக் கல்லூரிகள் ஒரே அளவு உதவித்தொகையோடு அழைத்தபோது, தெரிவு செய்வது எளிதென்றே எண்ணினேன்.

ஸ்கொட்லாந்துக் கல்லூரி, இணையவழி மாதிரி வகுப்பொன்றில் என்னைச் சேர்த்தது. அங்கே பேராசிரியர் விரிவுரை செய்வதில்லை. நட்டத்தில் ஓடும் ஒரு நிறுவனத்தின் கதையைத் தந்துவிட்டு, திடீரென ஒருவரை அழைத்து, அவர் முகாமையாளராக இருந்தால் என்ன செய்வார் என்று கேட்பார். என்னை அழைத்தார். தோட்டவெளி என்ற எங்கள் ஊரில், வீட்டு முன்னறைக் கதிரையிலிருந்து நான் எழுந்து நின்றேன். கமராவில் என் வயிறு மட்டுமே தெரிந்தது. "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். திரையிலிருந்த முகங்கள் புன்னகைத்தன. அதற்குப்பின் நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து அந்தக் கல்லூரியின் மின்னஞ்சலைக் கண்டால் திறக்காமலே ஒதுக்கினேன்.

பதில் அனுப்பவேண்டிய கடைசி நாள் பிற்பகல், அவுஸ்திரேலியக் கல்லூரியே சிறந்ததென்று தங்கையின் முன் வாதிட்டேன். பெரிய மண்டபம், புகழ்பெற்ற விரிவுரையாளர்கள், எழுத்துப் பரீட்சை, தாங்கக்கூடிய குளிர். கச்சான் காற்று கூரைத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்ததால் குரலை உயர்த்தினேன். வெளியே கழுதையொன்று கத்தியது.

"நடுவர் தீர்ப்புச் சொல்லிட்டார்," என்றாள் அவள்.

போட்டிகளுக்கு நான் பயிற்சி எடுத்த காலத்தில், கோப்பையில் கரண்டியால் தட்டி எனக்கு நேரம் பார்த்தவள். இப்போதும் தட்டினாள்.

"எனக்கு இன்னும் நேரம் இருக்கு."

"நேரத்துக்கு அடிக்கேல்லை அண்ணா. அங்க உங்களை எழுப்பிக் கேள்வி கேக்க மாட்டினம். அதுதானே?"

எதிரணித் தலைவர்கள் பலரை மடக்கியவன் நான். மறுப்புரைக்கு வாய் திறந்தேன், வேறொன்று வந்தது.

"ஓம். ஸ்கொட்லாந்துக்குப் போயும் நாக்கு ஒட்டினா?"

"ஒட்டும். தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்கோ. சொல்ல ஏதும் இருக்கோ, இல்லாட்டி அவர்களே இவர்களே மட்டும்தானோ?"

சிரிக்க முடியவில்லை. நாணயம் சுண்டித் தரப்புத் தராத இடத்தில் எனக்கென்று ஒரு கருத்து உண்டா என்பதே, நான் எவரிடமும் சொல்லாத அச்சம்.

வகுப்பில் தந்த, நட்டத்தில் ஓடும் அந்த நிறுவனத்தின் கதையை மீண்டும் திறந்தேன். நெடுநேரம் பார்த்தேன்.

"நான் எண்டால் ரெண்டு கிளையை மூடுவன்," என்றேன்.

"ஏன்?"

தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். அவள் தட்டவில்லை.

ஸ்கொட்லாந்துக்குச் சம்மதம் அனுப்ப அழுத்தியபோது காற்றில் இணைப்பு அறுந்தது. ஒரு கணம் எனக்குள் பெரும் நிம்மதி பரவியது. இணைப்பு திரும்பிவந்ததும், அதே விரலால் மீண்டும் அழுத்தினேன்.