அழுத்தாமல் தேய்ப்பது

1. லீவு நாளில் வந்தவர்

செவ்வாய்க்கிழமை என் பார்லருக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் டவல்களை வெந்நீரில் ஊறவைப்பேன், வாக்ஸ் சட்டியைச் சுரண்டிக் கழுவுவேன், பிறகு பேஷன்ட் போல ஃபேஷியல் சேரில் சாய்ந்து சும்மா கிடப்பேன். மேட்டூர் அணைப் பக்கமிருந்து வரும் காற்று ஜன்னல் திரையை உள்ளே தள்ளும், கொஞ்சம் கழித்து வெளியே இழுக்கும். அறையே மூச்சு விடுவதுபோல இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே பாதித் தூக்கத்தில் கிடப்பதுதான் எனக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே சொகுசு.

அப்படிக் கிடந்த ஒரு மதியம், பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன.

"அக்கா, உள்ள இருக்கறீங்களா?"

குரல் கவிதாவுடையது. துணிக்கடையில் வேலை பார்ப்பவள், புருவம் திருத்த என்னிடம்தான் வருவாள். ஷட்டரை ஏற்றினேன். அவளுக்குப் பின்னால் ஓர் ஆண், கண் மட்டும் தெரியும்படி முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

"இவரு என்ற ஊட்டுக்காரருங்க்கா. பேரு தங்கராசு. இவரு மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க."

"லேடீஸ் பார்லருக்குள்ள நான் எப்புடிங்க வாரது? ஆராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?" என்று அவர் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். தெருவில் ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை.

"இன்னைக்கு லீவு தம்பி. லீவு நாள்ல இது லேடீஸ் பார்லர் இல்ல, எங்க வீடு மாதிரி. உள்ள வாங்க."

குனிந்து வந்தார். நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்தார். காதுக்குக் கீழிருந்து தாடை எலும்பு நெடுக, கழுத்து வரைக்கும் சிவப்புச் சிவப்பாகப் புடைப்புகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முடி வெளியே வர வழி தெரியாமல் சுருண்டு படுத்திருந்தது. ஒன்றிரண்டில் சீழ்.

நாங்கள் இதை இன்க்ரோன் ஹேர் என்போம். ஒட்ட ஷேவ் செய்யும்போது முடியின் நுனி கூராகிவிடும். மேலே செத்த தோல் துவாரத்தை மூடியிருந்தால், அந்த முடி வெளியே வராமல் உள்ளேயே வளைந்து குத்தும். உடம்பு அதை முள் குத்தியதாக நினைத்து வீங்கும். வாக்ஸ் செய்த கால்களிலும் அக்குளிலும் நான் தினம் பார்ப்பதுதான். ஆனால் ஒரு ஆணின் தாடையில் இத்தனையை அன்றுதான் பார்த்தேன்.

"தாடி வெச்சுக்கிட்டா தானா அடங்கிரும் தம்பி. எதுக்கு ஷேவ் பண்றீங்க?" என்று கேட்டேன்.

கவிதாதான் சொன்னாள்.

"தாடி வெச்சா மாஸ்க் ஒக்காராதுங்க்கா."

தங்கராசு ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். அங்கே வாயு கசிந்தால் உள்ளே போய் ஆளைத் தூக்கி வருவதற்கென்று ஒரு எமர்ஜென்சி டீம் உண்டு. அதில் அவர் இருந்தார். அந்த டீமில் இருப்பவர்களுக்கு மாஸ்க் முகத்தோடு ஒட்டிப் படிகிறதா என்று சோதிப்பார்கள். மாஸ்க் மாட்டி, தலைக்கு மேல் ஒரு கூண்டு போல மூடி, உள்ளே கசப்பு மருந்தைப் புகையாக அடிப்பார்கள். நாக்கில் கசந்தால் எங்கோ சந்து இருக்கிறது என்று அர்த்தம். ஃபெயில்.

"எனக்குக் கசந்துருச்சுங்க" என்றார் தங்கராசு. உள்ளே வந்த பிறகு அவர் முதலில் வாயைத் திறந்து சொன்னது அதுதான். "இந்தப் புண்ணுக்குப் பயந்துட்டு ஒட்டச் செரைக்காம போனேன். நறுக்குன முடி சந்து வுட்டுருச்சு. அடுத்த டெஸ்ட்லயும் கசந்தா டீம்ல இருந்து எடுத்துருவாங்க."

"எடுத்தா என்ன? வேற வேலை குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க. பேக்கிங்ல போடுவாங்க. அதுல ஒண்ணும் கொறச்சல் இல்லீங்க." கையிலிருந்த துண்டை முறுக்கினார். "எங்க அப்பன் டேம்ல மீன் புடிக்கற ஆளு. பரிசல் கவுந்துச்சுன்னா மொதல்ல குதிக்கறது எங்கப்பனாத்தான் இருக்கும். நான் சின்னதுல இருந்து அதப் பாத்து வளந்தவன். சைரன் அடிக்கையில வெளிய நின்னு பாத்துட்டு இருக்கறது எனக்கு ஆகாதுங்க."

2. அலமாரியில் இருந்தவை

"இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்க?" இதுதான் என் முதல் கேள்வி எப்போதும்.

கவிதாவின் வால்நட் ஸ்கிரப். எலுமிச்சம்பழமும் சர்க்கரையும். பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரைப் போன்ற ஒன்று. கடைசியாக, ஊக்கு. சுருண்ட முடியை ஊக்கால் தோண்டி எடுத்திருக்கிறார். கவிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். செத்த தோலை எடுக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் முடிக்கு வழி கிடைக்காது. ஆனால் எடுக்கிற விதம் இருக்கிறது. வால்நட் ஓட்டுத் தூள் கண்ணுக்குத் தெரியாத கூரான சில்லு. சர்க்கரையும் அப்படித்தான். சாதாரணத் தோலே தாங்காது. சென்சிட்டிவ் தோல் என்றால் கீறி, வீங்கி, அந்த வீக்கமே துவாரத்தை மூடிவிடும். எதை நீக்கத் தேய்க்கிறோமோ அதையே வளர்ப்போம்.

என் அலமாரியில் இருந்தவற்றில் கொட்டைத் தூள் கலந்த டப்பாக்களைத் தள்ளி வைத்தேன். வாசனை போட்டவையும் வேண்டாம். செத்த தோலை உரித்தெடுக்கும் க்ளைகாலிக் பீல் ஒன்று இருந்தது, அதன் காரம் இவருக்கு ஆகாது. குறைந்த அளவு சாலிசிலிக் கலந்த லோஷனை எடுத்தேன். துவாரத்துக்குள் இறங்கி அடைப்பை இளக்கும், இது சரியாக இருக்கும் என்று நினைத்தேன். முகத்தில் வைக்கவில்லை. முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி, "இத கழுவாதீங்க, நாளைக்கு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

மறுநாள் கவிதா போட்டோ அனுப்பினாள். தடவிய இடம் வட்டமாகச் சிவந்து, அரிப்பு வேறு. நல்ல வேளை, கையோடு போயிற்று.

சீழ் இருக்கிற புண்ணை நான் தொட மாட்டேன். சேலத்தில் எனக்குத் தெரிந்த தோல் டாக்டரம்மாவிடம் அனுப்பினேன். கை சிவந்த கதையைச் சொல்லச் சொன்னேன். அவர் புண்ணுக்கு மருந்து எழுதிக்கொடுத்து, ஆறிய பிறகு மிதமான லாக்டிக் ஆசிட் லோஷன் போடலாம், அதையும் முதலில் கையில் பார்த்துவிட்டு என்று சொல்லியிருந்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார். புண் ஆறும்வரை பிளேடு முகத்தில் படக் கூடாது.

பிளேடு படக் கூடாது என்றால் தாடி. தாடி என்றால் மாஸ்க் கிடையாது.

கம்பெனியில் சேஃப்டி ஆபீசரிடம் டாக்டர் சொன்னதைத் தங்கராசு சொன்னார். அவர் யோசித்துவிட்டு, "புண்ணோட மாஸ்க் போட்டுட்டு உள்ள போயி நீ மயங்கி வுழுந்தீன்னா உன்னத் தூக்க நான் ரெண்டு பேர அனுப்போணும். மொதல்ல ஆத்திட்டு வா. அடுத்த மாஸ்க் டெஸ்ட்டுக்கு உன்ற பேர வெக்கறேன். அதுக்கு மேல என்னால புடிச்சு வெக்க முடியாது, பாத்துக்க" என்றாராம்.

அதுவரை பேக்கிங்.

3. சைரன்

புண் ஆறிக்கொண்டு வந்தது. தாடி வளர்ந்தது. கவிதா கடைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்து, "சாமியாராட்டம் இருக்காருங்க்கா" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

பிறகு ஒரு நாள் சிரிப்பு இல்லாமல் வந்தாள்.

கம்பெனியில் டிரில் நடந்திருக்கிறது. சும்மா பயிற்சிதான், வாயுவும் இல்லை ஒன்றும் இல்லை. ஆனால் சைரன் சைரன்தானே. டீம் ஆட்கள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஓட, தங்கராசு மூட்டைகளுக்கு நடுவே நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல் பாத்ரூமுக்குள் போய்த் தாடியை வழித்துவிட்டார். பரணில் போட்டிருந்த ஸ்கிரப்பை எடுத்து முகம் எரியும்வரை தேய்த்திருக்கிறார்.

"கதவத் தட்டுனேங்க்கா, தொறக்கவே இல்ல. தொறந்தப்ப மூஞ்சி தக்காளியாட்டம் இருந்துச்சு. ஏனுங்க இப்புடிப் பண்ணுனீங்கன்னு கேட்டா, 'கழுவுனாப் போயிரும்னு நெனச்சேன்'ங்கறாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எதுங்க்கா போகும்? அவரு எதைக் கழுவுனாரு?"

செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

4. தூக்கம்

அவர் வந்தபோது திட்டு வாங்கத் தயாராக வந்தார். நான் திட்டவில்லை. ஐஸ் தண்ணீரில் நனைத்த மல் துணியை முகத்தில் போட்டேன். அன்றைக்கு அவ்வளவுதான் வைத்தியம். டாக்டரம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டோம். திரும்பவும் முதலிலிருந்து மருந்து, திரும்பவும் காத்திருப்பு. டெஸ்ட்டுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

சிவப்பு முழுதும் வடிந்த பிறகு வந்த செவ்வாய்க்கிழமையைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

லாக்டிக் லோஷனைக் கையில் வைத்துப் பார்த்ததில் ஒன்றும் ஆகவில்லை. இனி முகத்தில். எப்படித் தேய்ப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார வைத்தேன். அவர் கை வால்வு திருகிப் பழகிய கை. மெதுவாக என்றால் அதற்கு அர்த்தமே தெரியவில்லை. என் கையைப் பிடித்துத் தேய்த்துக் காட்டச் சொன்னேன். வலித்தது.

"இதுதான் மெதுவாவா தம்பி?"

"ஆமாங்க. இதுக்கு மேல மெதுவா எப்புடிங்க?"

கவிதாவைக் கூப்பிட்டேன். "நீ பண்ணு கண்ணு. அவரு பாத்துக் கத்துக்கட்டும்."

அவள் வெட்கப்பட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, ஒரு விரலில் சுற்றி, தாடையில் சின்னச் சின்ன வட்டமாகப் போட்டாள். துணியின் எடைதான் தோலில் பட வேண்டும், விரலின் எடை படக் கூடாது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அதற்குமுன்பே அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். துடைத்துவிட்டு லோஷனைத் தொட்டு வைத்தாள்.

காற்று திரையை உள்ளே தள்ளியது, வெளியே இழுத்தது. மின்விசிறி ஏதோ பழைய பாட்டை முனகுவதுபோல் சுற்றியது. தெருவில் ஒரு ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போய், அந்தச் சத்தமும் தேய்ந்து போனது. தங்கராசு வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார்.

"ஷிப்ட்டு மாறி மாறிப் போறதுல பகல்ல இவருக்குத் தூக்கமே வராதுங்க்கா" என்று கவிதா கிசுகிசுத்தாள். கையை எடுக்கவில்லை. எடுத்தால் விழித்துவிடுவார் என்று பயம்.

நானும் அசையவில்லை. கொதிக்கவைத்த டவல்களின் ஆவி அறை முழுக்க மிதந்தது. இரண்டு பெண்கள் ஒரு ஆளின் தூக்கத்துக்குக் காவல் இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் ஜன்னலைவிட்டு இறங்கிச் சுவரைத் தாண்டிப் போயிருந்தது.

விழித்ததும் அவர் சிறிது நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பார்த்தார்.

"கெனாக் கண்டனுங்க" என்றார். "டேம் தண்ணிக்கு அடியில நடந்து போறேன். மீனெல்லாம் பக்கத்துல வருது. மாஸ்க்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூச்சு அது பாட்டுக்கு வருது."

"பயமா இருந்துச்சா?" என்று கவிதா கேட்டாள்.

"இல்ல" என்றார். அதையே ஆச்சரியமாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் கை மெதுவானது. வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் லோஷன், ஷேவ் பண்ணாத நாளில். தினமும் காலையில் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்க்ரீனும். டாக்டரம்மா பிளேடுக்குச் சரி என்ற பிறகு, ஒற்றை பிளேடு, முடி வளரும் திசையில், தோலை இழுத்துப் பிடிக்காமல். எல்லாம் சொன்னபடி செய்தார். ஒன்றிரண்டு முடி உள்ளே சுருண்டபோதும் ஊக்கைத் தேடவில்லை. அது வரும்போது வரட்டும் என்று விட்டார்.

5. டெஸ்ட்

அன்று கவிதா கடைக்குப் போகாமல் என் பார்லரில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு நான் ஃபேஷியல் செய்துகொண்டிருந்தேன். போன் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாட்டி மூடிட்டாங்க புள்ள. புகைய அடிச்சாங்க. தலையத் திருப்பச் சொன்னாங்க, குனியச் சொன்னாங்க, எதையோ படிக்கச் சொன்னாங்க, படிச்சேன்."

"அய்யோ, கசந்துச்சா இல்லையா? அதச் சொல்லுங்க!"

"கசக்கல."

கவிதா அழுதாள். முகத்தில் பேக் காய்ந்துகொண்டிருந்த கல்யாணப் பெண், யாருக்கு என்ன என்று தெரியாமலே அழுதாள். பேக் வெடித்துவிட்டது, திரும்பப் போட்டேன்.

பிறகு அவர் டீமில் இருந்த வேறு சிலரும் செவ்வாய்க்கிழமைகளில் குனிந்து உள்ளே வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் தோலும் ஒவ்வொரு மாதிரி. ஒருவருக்குச் சாலிசிலிக் ஒத்துக்கொண்டது, ஒருவருக்கு வெறும் ஈரத்துணியே போதுமாக இருந்தது. இதைப் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டப்பாவில் போட்டிருப்பது பொதுவான தோலுக்கு. நம் முன்னால் உட்கார்ந்திருப்பது ஒரு ஆள்.

இத்தனை வருடம் முகங்களோடு இருந்தும், முகம் என்றால் அழகுக்கு என்றே நினைத்திருந்தேன். இப்போது யார் வந்து உட்கார்ந்தாலும், எதையும் தொடும் முன் இன்னொரு கேள்வியும் கேட்கிறேன். "இந்த முகம் உங்களுக்கு எதுக்கு வேணும்?" பலர் சிரிப்பார்கள். சிலர் யோசிப்பார்கள்.

போன மாதம் கொளத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முகத்தில் துணி மாஸ்க். கழற்றவே மனமில்லை. கழற்றியதும் பார்த்தேன், மோவாயில் முடி பறித்துப் பறித்து, உள்ளே சுருண்டு, தழும்பும் புடைப்புமாக இருந்தது. எப்போதும் போலக் கேட்டேன்.

அவர் மடியில் கிடந்த மாஸ்க்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்ற பையனுக்குக் காது கேக்காதுங்க. நான் பேசறத வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவான். இந்த மூஞ்சியக் காட்ட வெக்கப்பட்டுட்டு ஊட்டுக்குள்ளயும் இதப் போட்டுட்டே திரிஞ்சேன். நேத்து அவன் வந்து கையால இதக் கீழ இழுத்து வுடறானுங்க."

நான் மறுபடி கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். இருப்பதிலேயே மிதமான லோஷனை எடுத்து, அவர் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்தேன்.

"மோவாய்ல இன்னைக்கு எதுவும் வேணாம்" என்றேன். "மருந்தெல்லாம் பொறவு மெதுவாப் பாத்துக்கலாம். நீங்க மாஸ்க் போடாம ஊட்டுக்குப் போங்க."