ஹபீபா டீச்சருக்கு எழும்பி இடம் கொடுத்தவர்களுக்கு

அஸர் தொழுதுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஹபீபா உம்மா. இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று சொல்லி, ஜனாஸா நல்லடக்கத்தின் நேரத்துக்குப் போய்விட்டார்கள். நடுவில் 'இன்னாரின் தாயார்' என்று ஒரு வரி வரும் அல்லவா? அது அவருக்கு இல்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் இருந்துவிட்டேன்.

எழுபதுகளின் முடிவில் நானும் அவரும் கல்முனையிலிருந்து பாலமுனைக்குப் படிப்பிக்கப் போனோம். எங்கள் தெருவிலிருந்து காலை அக்கரைப்பற்று பஸ்ஸில் போவது நாங்கள் இருவர் மட்டும்தான். காரைதீவு தாண்டுவதற்குள் அதில் மூச்சு விட இடமிருக்காது. அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது, வந்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். பெண் நின்றால் ஒரு ஆண் எழும்பினால் போதாது. அந்நிய ஆணுக்குப் பக்கத்தில் அவள் இருக்கமாட்டாள். ஆகவே ஆசனத்தில் இருக்கும் இரண்டு பேரும் எழும்ப வேண்டும். ஹபீபாவுக்கு அது பிடிக்காது. "ரெண்டு பேர்ர காலை நோக வெச்சிட்டு எனக்கென்ன இருப்பு?" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே வருவார். நானோ, எவன் எழும்புகிறான் பார்ப்போம் என்று முறைத்துக்கொண்டு நிற்கிறவள்.

ஒரு நாள், வயலுக்குப் போகிற ஒரு முதியவர் ஹபீபாவைப் பார்த்துவிட்டு எழும்பினார். அந்த வருடம் டீச்சர் கொஞ்சம் உடம்பு வைத்திருந்தார். சேலையையும் இழுத்துப் போர்த்திருந்தார். முதியவர் பக்கத்திலிருந்த இளைஞனின் தோளில் தட்டினார்.

"தம்பி, நீயும் எழும்பு. புள்ளத்தாச்சி நிக்கிறா, கண் தெரியல்லயா?"

நான் வாயைத் திறந்தேன். ஹபீபா என் காலை மிதித்தார். பிறகு போய் அந்த ஆசனத்தில் இருந்தார். பாலமுனையில் இறங்கியதும் நான் வெடித்தேன்.

"உனக்கென்ன விசரா? இல்லண்டு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"வயசான மனிசன் எழும்பிட்டாரு. இவ்வளவு சனத்துக்கு முன்னால அவர எப்பிடிப் புள்ள வெக்கப்படுத்துற?"

அவருக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள். மாப்பிள்ளை தங்கமான மனிதர், கல்முனை பசாரில் சின்னக் கடை. ஆனால் அவருடைய சகோதரிமார், மதினிமார் இருக்கிறார்களே! பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள் எடுக்கிற வீட்டுக்கு ஹபீபா போனால், கண் பட்டுவிடும் என்று பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே போவார்கள். இவர் அதைப் பார்க்காத மாதிரி இருப்பார். எனக்குத்தான் வயிறு எரியும்.

மறுநாளும் அந்த முதியவர் எழும்பினார். அதற்கடுத்த நாளும் எழும்பினார். கண்டக்டர், "டீச்சருக்கு வழி விடுங்க" என்று கத்தத் தொடங்கினார். நிந்தவூரில் ஏறுகிற ஒரு பெண் உப்பும் கொச்சிக்காய்த் தூளும் தடவிய மாங்காய்த் துண்டுகளைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஹபீபா அதை ரசித்துச் சாப்பிட்டார். அவர் அப்படிச் சிரித்துக்கொண்டு பயணம் செய்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. "இது எங்க போய் முடியும்?" என்று கேட்டேன். மாங்காய்க் கடதாசியை மடித்துக்கொண்டே சொன்னார்:

"மொத நாள் அந்த மனிசனுக்காக இருந்தன். மத்த நாளெல்லாம் எனக்காகத்தான் இருந்தன். எனக்காக ஒருத்தரும் இப்பிடிச் சந்தோசப்பட்டதில்ல, புள்ள."

நோன்பு லீவு வந்தது. பெருநாள் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று அவர் எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறினார். நோன்பில் மெலிந்துபோயிருந்தார். சேலை தட்டையாகக் கிடந்தது. முன்னால் இருந்தவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த முதியவர் வழமைபோல் எழும்பினார். பக்கத்தில் இருந்தவரும் சொல்லாமலே எழும்பினார்.

"இரிங்க மகள்" என்றார் முதியவர். "அது சொர்க்கத்துல வெளையாடும். உங்களக் கூட்டிக்கிட்டுப் போக வாசல்ல வந்து நிக்கும். அழாதீங்க."

ஹபீபா சேலைத் தலைப்பை முகத்தில் பொத்திக்கொண்டு குரலெடுத்து அழுதார். நிந்தவூரில் ஏறிய அந்தப் பெண் முதுகைத் தடவத் தடவ இன்னும் அழுதார். ஒலுவில் வரைக்கும் அழுதார். நடிப்பென்று எவராவது சொன்னால் என்னிடம் நல்ல பேச்சு வாங்குவார்கள். அத்தனை வருடமாக வீட்டில் அழ முடியாமல் வைத்திருந்ததை அவர் அழுதார்.

பிறகு ஊருக்குள்ளேயே மாற்றம் எடுத்துக்கொண்டார். அந்த பஸ்ஸில் அவர் மறுபடி ஏறவேயில்லை. நான் தனியே போய்வந்தேன். "அந்த டீச்சர் சுகமா?" என்று கேட்பார்கள். "ஓம், சுகம்" என்பேன். மாப்பிள்ளையும் போனபின் அவர் அந்த வீட்டில் ஒற்றையாகவே வாழ்ந்தார். கடைசியாகப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த பஸ்ஸில வந்த சனத்துக்கிட்ட எனக்காக மாப்பு கேளு. பொய்யா இருந்த இருப்பு அது. மனிசர்ர ஹக்கை, அந்தக் கடனை, மனிசர்தான் பொருந்தி மன்னிக்கோணும்."

"அவங்கள நான் எங்க போய்த் தேடுற?"

"எழுது. நான் மௌத்தான பொறகு எழுது."

இதோ, எழுதிவிட்டேன். அன்று எழும்பியவர்களும், இப்போது இல்லாதவர்களுக்காக அவர்களுடைய பிள்ளைகளும், அவரைப் பொருந்திக்கொள்ளுங்கள். அவர் உங்களுக்குக் கடமைப்பட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் சொன்னதற்காகக் கேட்கிறேன்.

ஹபீபாவுக்கு ஒரு பிள்ளை இருந்தது. அந்த பஸ்ஸுக்குள் மட்டும், நோன்பு வரும்வரைக்கும் இருந்தது. அது எப்படிப்பட்ட பிள்ளை என்று அறிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். இனி அதை நினைத்துக்கொள்ள நான் ஒருத்திதான் மிச்சம்.