மாட்டாஸ்பத்திரிப் புகை

கல்லூரி வாத்தியார் தரணேந்திரன் கீழ்பென்னாத்தூர் மாட்டாஸ்பத்திரியிலிருந்து பிளாஸ்கில் புகை பிடித்து வந்து, செத்துப்போன மனைவியோடு பேசுகிறார் என்று 1988 தொடக்கத்தில் திருவண்ணாமலை முழுக்கப் பேச்சு. சாமியாருக்குப் பஞ்சமில்லாத ஊரில் புதிதாக ஒருவர் கிளம்பினால் விசாரிக்க வேண்டாமா? போனேன்.

பாதி உண்மை. அது புகையல்ல, திரவ நைட்ரஜன். சினை ஊசி மருந்தை உறைய வைக்க அங்கே இருக்கும். கம்பவுண்டர் முருகையன் கொடுத்தார். பதிலுக்குக் காந்தம் அந்தரத்தில் மிதப்பதைத் தனக்கும் காட்டச் சொன்னார்.

தரணேந்திரன் மீகடத்தி என்ற கருப்பு வில்லையைக் கல்லூரி உலையில் பலமுறை பாழாக்கி, ஒருவழியாகச் சுட்டெடுத்திருந்தார். கடுங்குளிரில் அதற்குள் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து, கோடானுகோடி ஜோடியும் ஓருயிராக நகரும். மேலே வைத்த காந்தம் மிதக்கும். மனைவி மருதேவி சிரித்தாராம்: "ஒரு ஜோடி நாமளே ஒழுங்கா நகரல, கோடி ஜோடியாங்க? கண்ணால பாத்தாதான் நம்புவேன்." அவருக்குக் காட்டத்தான் பிளாஸ்க்.

சமண வீடு. பொழுது சாய்ந்தால் சோறு கிடையாது. இருவரும் வெளிச்சத்திலேயே சேர்ந்து சாப்பிடுவார்கள். மருதேவிக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முன் தானே ஊசி போட்டுக்கொள்வார்; போட்டபின் சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும்.

கல்லூரி லீவு என்று வாத்தியார் பிளாஸ்கோடு கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பியது தீபத்தன்று. அன்றைக்குத் திருவண்ணாமலைக்குத் திரும்பப் பஸ் கிடைக்கும் என்று நம்ப நிறையப் படித்திருக்க வேண்டும். பொழுது இறங்கியது. அவள் சாப்பிட்டிருப்பாள் என்று, முருகையன் வாங்கி வந்த இட்லியைச் சாப்பிட்டார். நானில்லாமல் அவர் சாப்பிட மாட்டார் என்று, ஊசி போட்டுக்கொண்டு மருதேவி காத்திருந்தார். மலைமேல் தீபம் ஏறியது. இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் தெரிந்தது. பக்கத்து வீட்டுத் தனம் சர்க்கரைத் தண்ணீர் நீட்டியும், பொழுது போய்விட்டது, விடியட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

வாத்தியார் நடந்து வந்து சேர்ந்தபோது மருதேவிக்கு நினைவில்லை. விடியுமுன் உயிர் போனது. பக்கத்தில் பிளாஸ்க் திறந்தபடி புகைந்துகொண்டிருக்க, அவர் மருதேவி மருதேவி என்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்ததைத் தெரு பார்த்தது. வதந்தி அங்கே பிறந்தது.

இப்போதும் பேசுகிறீர்களா என்று கேட்டேன்.

"ஒண்ணாப் பொறந்த ரெண்டு துகளை எவ்ளோ தூரம் பிரிச்சாலும், ஒண்ணு மேலன்னா இன்னொண்ணு கீழ. பிரான்ஸ்ல சோதிச்சுட்டாங்க. ஆனா அதை வெச்சு ஒரு சேதிகூட அனுப்ப முடியாதுங்க" என்றார். பிறகு, "அவ இங்க காத்திருந்தப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல. சட்னியில காரம் ஜாஸ்தின்னு முருகையன்கிட்ட சொல்லிட்டிருந்தேன்."

வில்லை அலமாரியில் கிடக்கிறது. அவர் கீழ்பென்னாத்தூர் பக்கம் போவதேயில்லை. முருகையன்தான் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்:

"சாருக்கு வந்தது பெரிய துக்கம், தெரியும்ங்க. ஆனா காந்தம் காட்றேன்னாரு. அது இன்னும் பாக்கி நிக்குது."